பழைய அணு உலைக்கு அனுமதி நீட்டும்போது எங்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்



கற்பிட்டி, நுரைச்சோலை, பாலாவி, புத்தளம் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவு சாப்பிட்டு முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். ஆனால் கட்டாயம் வாசியுங்கள்.

2025 ஜூன் நடுப்பகுதி எல்லோருக்கும் நினைவிருக்கும். நமது கடற்கரையில் சவ்வரிசியைக் கொட்டியது போல வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கின. மன்னாரிலும் வந்தது, வடக்கிலும் வந்தது. எக்ஸ்பிரஸ் பேர்ள் மறுபடியும் வந்துவிட்டதா என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகுதான் விசயம் தெரிந்தது. மே 25ஆம் திகதி கேரளாவின் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியிருந்தது. அதன் கொள்கலன்களில் இருந்தவைதான் அந்த மணிகள். கப்பல் மூழ்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இந்தியாவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, சோழகக் காற்றோடு நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கப்பல் 1997இல் கட்டப்பட்டது. அதாவது 28 வயதுக் கப்பல்.

அந்த நாட்களில் எங்கள் பாடசாலையில் தரம் 10 விஞ்ஞான பாடத்தில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டது: "சேர், கேரளாவில மூழ்கின கப்பல்ட சாமான் இங்க வருமெண்டா, கூடங்குளத்தில, கல்பாக்கத்தில ஏதும் நடந்தா அதுவும் இங்க வருமா?"

வகுப்பு சிரித்தது. ஆனால் அன்று இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருந்த எங்களால் சிரிக்க முடியவில்லை. வரும் என்றுதான் பதில். வந்தால் நாங்கள் அந்த 40 பிள்ளைகளையும் என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நெருப்புப் பிடித்தால் எங்கே ஓடுவது என்று தெரியும். சுனாமி என்றால் எங்கே போவது என்று ஓரளவு தெரியும். இதற்கு மட்டும் ஒரு தாள்கூட எங்கள் கையில் இல்லை.

அன்றிலிருந்து நாங்கள் தேடி வாசித்ததையும், அதனால் எங்களுக்கு வந்த கோபத்தையும்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் கற்பிட்டியிலிருந்து கூடங்குளம் சுமார் 225 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணமே கிட்டத்தட்ட 160. இடையில் மலையும் இல்லை, காடும் இல்லை, வெறும் கடல்தான். கல்பாக்கம் நமக்கு இன்னும் தூரம்தான். ஆனால் பருத்தித்துறைக்காரருக்கு அது சுமார் 300 கிலோமீற்றர். சோழகம் வீசும் மாதங்களில் கூடங்குளத்துப் பக்கமிருந்து காற்று நம்மை நோக்கி வருகிறது. வருடக் கடைசி மாதங்களில் இந்தியாவின் கிழக்குக் கரையோரக் கடல் நீரோட்டம் தெற்கே, இலங்கைப் பக்கம் இறங்குகிறது. எந்தப் பருவத்தில் எது எங்கிருந்து வரும் என்பதை நமது மீனவக் காக்காமாரிடம் கேட்டாலே சொல்வார்கள்.

கூடங்குளம் ஒப்பீட்டளவில் புதிய நிலையம். 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நான்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழையது கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக ரீதியாக இயங்கத் தொடங்கின. எங்களில் பலர் அப்போது பிறக்கவில்லை, சிலர் பாலர் வகுப்பில் இருந்தோம். முதல் உலை 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டு வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது.

இப்படி வயதான உலைகளை மூடுவதா, இன்னும் ஓட விடுவதா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? யாரிடம் கேட்டுத் தீர்மானிக்கிறார்கள்? இந்தப் பதிவின் கேள்வி இதுதான்.

நம்மூரில் த்ரீவீல் வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. வருமான அனுமதிப்பத்திரம் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், காப்புறுதி வேண்டும். அந்தக் கடதாசியைக் கண்ணாடியில் ஒட்டி வைக்க வேண்டும். பொலிஸார் மறித்தாலும் பார்க்கலாம், ஏறுகிற பயணியும் பார்க்கலாம். மூன்று சக்கர வண்டிக்கே இவ்வளவு.

இந்தியாவில் அணு உலையின் இயக்க அனுமதி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை விரிவான பாதுகாப்பு மீளாய்வு நடக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் புதிய நிலையம் கட்டுவதற்கு முன் சுற்றுச்சூழல் அனுமதிக்காக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பது போல, பழைய உலையின் அனுமதியை நீட்டும்போது பக்கத்துக் கிராமத்தவனைக் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கம் இல்லை. சதுரங்கப்பட்டினத்து மீனவனிடமே கேட்காதவர்கள் கற்பிட்டி மீனவனிடம் கேட்பார்களா?

உலைக்கு வயதாவது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறோம். கல்பாக்கத்தில் இருப்பது கனநீர் உலை. அதற்குள்ளே நூற்றுக்கணக்கான அழுத்தக் குழாய்கள் கிடையாகக் கிடக்கும். எரிபொருள் அந்தக் குழாய்களுக்குள்தான் இருக்கும். வருடக்கணக்காக நியூத்திரன்கள் மோதுவதால் குழாயின் உலோகம் மெல்ல மெல்ல நீள்கிறது, தொய்கிறது, ஐதரசனை உறிஞ்சி நொய்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கருவி விட்டு அளந்தால்தான் தெரியும். கல்பாக்கத்தில் 2000களின் முற்பகுதியில் இரண்டு உலைகளிலும் இந்தக் குழாய்களை முழுமையாக மாற்றினார்கள். அதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் 'புதிய' குழாய்களுக்கும் இன்று இருபது வருடம். குழாயை மாற்றலாம், அதைச் சுற்றியுள்ள பெரிய கலத்தையும் கவசத்தையும் அப்படி இலகுவாக மாற்ற முடியாது. ராஜஸ்தானின் முதல் உலையில் முனைக் கவசத்தில் வெடிப்பு வந்து, திருத்தித் திருத்தி ஓட்டி, கடைசியில் 2004இல் நிறுத்தியே விட்டார்கள்.

இன்னும் கேளுங்கள். 2016 மார்ச் 11, குஜராத்தின் கக்ராபார் முதல் உலையில் ஒரு அழுத்தக் குழாய் கசிந்து நிலைய அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த உலைக்கு அப்போது 23 வயது. கல்பாக்கத்திலேயே 1980களின் இறுதியில் கனநீரை உள்ளே செலுத்தும் பாகம் உடைந்து, இரண்டு உலைகளையும் வருடக்கணக்கில் குறைந்த சக்தியில் ஓட்ட வேண்டி வந்தது. 1999 மார்ச்சில் இரண்டாவது உலையில் தொன் கணக்கில் கனநீர் கசிந்தது. 2003 ஜனவரியில் அதே வளாகத்தின் மீள்பதப்படுத்தும் ஆலையில் ஆறு தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பொதுமக்களுக்கு அது விபரமாகச் சொல்லப்பட்டது மாதங்கள் கழித்து.

இவற்றில் எதிலும் ஊர் அழியவில்லை. அதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். 2004 சுனாமியின்போது கல்பாக்கத்தின் பம்பி அறைக்குள் கடல்நீர் புகுந்தும் இயக்குநர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் பயம் அவர்களின் திறமையைப் பற்றியது இல்லை. "மாதங்கள் கழித்து" என்ற அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றியது.

இந்த இரண்டு வார்த்தைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1986 ஏப்ரல் 26 செர்னோபிலில் உலை வெடித்தது. சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியரின் சப்பாத்தில் கதிர்வீச்சு பிடிபட்டபோதுதான் உலகத்துக்கே தெரிய வந்தது. மழையோடு இறங்கிய சீசியம் 2,000 கிலோமீற்றருக்கும் அப்பால் பிரித்தானியாவின் வேல்ஸ் மலைகளின் புல்லில் படிந்தது. அந்தப் புல்லைத் தின்ற ஆடுகளை விற்பதற்கு இருந்த கட்டுப்பாடு எப்போது முழுமையாக நீங்கியது தெரியுமா? 2012இல். இருபத்தாறு வருடம். இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஆட்டுக்கே அந்த நிலை என்றால், 225 கிலோமீற்றரில் நமது மீனும் கருவாடும் உப்பும் என்ன ஆகும்? எதுவுமே நடக்காவிட்டாலும், "புத்தளத்து மீன்" என்ற பேச்சு ஒன்றே போதும், கொழும்புச் சந்தையில் நம் பெட்டியை ஒருவரும் திறக்க மாட்டார்கள். எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்த 2021இல் மீனைச் சாப்பிடலாமா என்று நாடே பயந்தபோது நமது கரையோரக் குடும்பங்கள் எப்படி இருந்தன என்பதை நாம் பார்த்தோம்தானே? அந்த வழக்கில் நமது உயர்நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட 2025 ஜூலை ஆகிவிட்டது.

அனுமதி நீட்டிப்பு என்பதன் விலை என்ன என்பதற்கு ஜப்பானை விடப் பெரிய பாடம் இல்லை. புகுஷிமா டாயிச்சியின் முதல் உலை 1971 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. 2011 மார்ச்சோடு 40 வருடம் முடிகிறது. இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று ஒழுங்குபடுத்தும் அமைப்பு அனுமதி கொடுத்தது 2011 பெப்ரவரியில். மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. மறுநாளே வெடித்தது அதே முதல் உலைக் கட்டிடம்தான். பத்து வருட அனுமதி ஐந்து வாரம்கூடத் தாங்கவில்லை. சுனாமி 15 மீற்றருக்கு மேல் வரலாம் என்று அந்தக் கம்பனியே 2008இல் கணக்கிட்டு வைத்திருந்தது. கணக்கு அலுமாரியில் இருந்தது, சுவர் உயரவில்லை. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். இதை இயற்கையின் தலையில் போட முடியாது, மனிதரால் உண்டான விபத்து என்று எழுதியது ஜப்பானின் பாராளுமன்றம் நியமித்த ஆணைக்குழு.

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் டேவிஸ் பெஸ் நிலையம் இன்னொரு பாடம். 2002 மார்ச்சில் பரிசோதித்தபோது, உலையின் மேல்மூடியில் தடித்த உருக்கை அமிலம் அரித்துப் பெரிய குழி விழுந்திருந்தது. ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவான உள்தகடுதான் மிச்சமாக அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்பே நிறுத்திப் பாருங்கள் என்று பேச்சு வந்திருந்தது. "கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறோம்" என்று கேட்டார்கள், தள்ளிக் கொடுத்தார்கள். அந்த உலைக்கு வயது 24. கடுமையான சட்டமும் பகிரங்க விசாரணையும் உள்ள நாட்டிலேயே இப்படி.

"சரி, அது அவர்கள் நாட்டு உலை. நாம் யார் கேட்பதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் ஜேர்மனியின் ஆகன் நகரத்தில் இருக்கிறது.

ஆகனில் இருந்து பெல்ஜியத்தின் தியான்ஜ் அணுமின் நிலையம் 60 கிலோமீற்றருக்குச் சற்று மேல். நடுவில் நாட்டு எல்லை. 2012இல் தியான்ஜ் 2, டூல் 3 என்ற இரண்டு உலைகளின் உருக்குக் கலத்தில் ஆயிரக்கணக்கான நுண்ணிய வெடிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிறகு மீண்டும் ஓட்டினார்கள். ஆகன் மக்கள் "அது பெல்ஜியத்தின் விசயம்" என்று படுத்துத் தூங்கவில்லை. நகராட்சியே முன்னால் நின்றது. 2017 ஜூனில் தியான்ஜிலிருந்து ஆகன் வரைக்கும் சுமார் 90 கிலோமீற்றர் நீளத்துக்கு, மூன்று நாட்டு மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள். அதே செப்டெம்பரில் ஆகன் பகுதி நிர்வாகம் 45 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் முன்கூட்டியே அயடீன் வில்லைகள் கொடுத்தது. கதிரியக்க அயடீன் தைரொயிட்டில் போய்ச் சேராமல் தடுக்கும் வில்லை அது. விபத்து நேரத்தோடு ஒட்டிக் குடித்தால்தான் பலன். பிறகு கொழும்பிலிருந்து லொறியில் வந்து பலனில்லை.

அதோடு முடியவில்லை. டூல் 1, டூல் 2 என்ற 1975 காலத்து உலைகளின் ஆயுளைப் பத்து வருடம் நீட்டிய பெல்ஜியச் சட்டம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஜூலை 29ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பழைய உலையின் ஆயுளை நீட்டுவதற்கு முன்பும் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்திருக்க வேண்டும், எல்லைக்கு அப்பால் உள்ள மக்களுக்கு வரும் பாதிப்பையும் அதில் பார்த்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அப்படியானால் அயல்நாட்டவன் கேட்கலாம். கேட்பது சண்டை இல்லை. உலகத்தில் நடைமுறையில் இருக்கிற உரிமை.

நமக்கு அந்த உரிமை இருக்கிறதா? ஐரோப்பாவின் அந்த எல்லை கடந்த மதிப்பீட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. நாமிருவரும் இருப்பது 1986இன் விபத்து அறிவித்தல் உடன்படிக்கையிலும், 1994இன் அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையிலும். முதலாவது, விபத்து நடந்த பிறகு சொல்லச் சொல்கிறது. இரண்டாவது, புதிய நிலையம் கட்டும்போது பாதிக்கப்படக்கூடிய அயல்நாட்டோடு கலந்து பேசச் சொல்கிறது, அவசரகாலத் திட்டத்துக்குத் தேவையான தகவலைக் கொடுக்கச் சொல்கிறது. பழைய நிலையத்தை நீட்டும்போது பக்கத்து நாட்டைக் கேள் என்று அதில் தெளிவாக ஒரு வரி இல்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் நம் ஊர் காணாமல் போகிறது.

ஆனால் நம்மிடம் வேறொரு கடதாசி இருக்கிறது. 2015 பெப்ரவரி 16ஆம் திகதி, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன டெல்லி சென்றபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிவில் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது. கதிர்வீச்சுப் பாதுகாப்பும் அணு அனர்த்தத் தணிப்பும் அதன் விடயங்களில் அடங்கும். அதற்கு முன்னர் 2012இல் அன்றைய மின்சக்தி அமைச்சர் சம்பிக்க ரணவக்க கூடங்குளம் பற்றிப் பகிரங்கமாகக் கவலை தெரிவித்து, சர்வதேச அணுசக்தி முகவரகம் வரை போவோம் என்றார். நாங்கள் கேட்பது ஒன்றுதான். அந்த உடன்பாட்டின்படி இதுவரை என்ன தகவல் வந்தது? வந்ததில் எது புத்தளம் மாவட்டச் செயலகத்துக்கு வந்தது? எது கிராம உத்தியோகத்தரிடம் வந்தது? எங்கள் அதிபரின் மேசைக்கு எதுவும் வரவில்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்வோம்.

இனி, இந்தப் பேச்சை எடுத்தவுடன் நம்மவர்களே சொல்லும் சில பதில்களுக்கு வருவோம்.

"முதலில் நுரைச்சோலையைப் பாருங்கள், பிறகு இந்தியாவுக்குப் போகலாம்" என்கிறார்கள். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் பற்றி இந்த ஊர் எழுப்பிய கேள்விகளை நாங்கள் கைவிடவில்லை. அருவக்காட்டுக் குப்பைத் திட்டத்துக்கு எதிராக 2018, 2019இல் இந்த மாவட்டமே வீதியில் இருந்தது, அதில் ஆசிரியர்களும் இருந்தோம். இரண்டும் ஒரே கேள்விதான். ஒரு ஊரின் தலைக்கு மேல் ஆபத்தை வைப்பவர் அந்த ஊரிடம் கேட்டாரா, இல்லையா? கொழும்பிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட நாம் டெல்லியிடம் கேட்கக் கூசுவானேன்?

"அணுமின்சாரம் சுத்தமானது, நிலக்கரிதான் அதிகம் கொல்கிறது" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஓடும் அணு உலை புகை கக்குவதில்லை. நாளாந்தம் மூச்சில் போகும் சேதத்தைக் கணக்கிட்டால் நிலக்கரிதான் மோசம். 2022இல் 13 மணித்தியாலம் மின்வெட்டில் மெழுகுவர்த்தியோடு பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார்படுத்திய எங்களுக்கு மின்சாரத்தின் அருமை தெரியும். எல்லா அணு உலையையும் நாளைக்கே மூடு என்று நாங்கள் எழுதவில்லை. வயதான உலையை நீட்டுவதாக இருந்தால் பரிசோதனை முடிவைக் காட்டிவிட்டு, பாதிக்கப்படக்கூடியவனிடம் கேட்டுவிட்டு நீட்டு என்கிறோம். சுத்தமான தொழில்நுட்பம் என்றால் அதன் கடதாசியும் சுத்தமாக இருக்கும்தானே, அதைக் காட்டுவதில் என்ன தயக்கம்?

"இது இந்திய எதிர்ப்பு" என்கிறார்கள். 2022இல் நாடு விழுந்து கிடந்தபோது கை கொடுத்தது இந்தியா. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. இந்தக் கேள்விகளை எங்களுக்கு முன்பே கேட்டவர்களும் இந்தியர்கள்தான். இடிந்தகரையில் மாதாகோயில் முன்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்த மீனவப் பெண்கள் நம் கரையோரத்துப் பெண்களைப் போன்றவர்கள்தான். அவர்கள் மேல் ஆயிரக்கணக்கில் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2012 செப்டெம்பரில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிர் போனது. அணு ஒழுங்குபடுத்தும் அமைப்புக்குப் போதிய சட்ட அதிகாரமும் சுதந்திரமும் இல்லை என்று 2012இல் எழுதியது இந்தியாவின் கணக்காய்வாளர் தலைமை அதிபதியே. அவர் இந்திய எதிரியா?

"நாம் சிறுபான்மை, நமக்கு ஏன் வம்பு" என்பதுதான் எங்களை அதிகம் நோகடித்த பதில். 2019க்குப் பிறகு வாய் திறக்கவே பயப்படும் ஒரு பழக்கம் நமக்குள் வந்துவிட்டது. அதன் காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சீசியம் பெயரைக் கேட்டு, இனம் பார்த்து இறங்காது. தலவில கோயிலுக்கு வரும் கத்தோலிக்கரும், நுரைச்சோலையில் வெங்காயம் போடும் முஸ்லிமும், சிலாபத்துச் சிங்கள மீனவரும், முன்னேஸ்வரத்துத் தமிழரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம். நாம் எல்லோருக்காகவும் பேசக்கூடிய ஒரு விடயம் கிடைத்திருக்கிறது. இதில் கூட நாம் பின்வாங்கினால் பிறகு எதற்குத்தான் பேசப் போகிறோம்?

"நடக்கும்போது பார்த்துக்கொள்வோம், எல்லாம் இறைவன் விதி" என்றும் ஒருவர் சொன்னார். 2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திராவில் நிலம் நடுங்கி, அலை நமது கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம்! மருதமுனையிலும் கிண்ணியாவிலும் கல்முனையிலும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு ஓட அது தாராளமாகப் போதும். ஒருவரும் சொல்லவில்லை. அதனால் போன உயிர்களுக்கு விதியை மட்டும் காரணம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. ஒட்டகத்தைக் கட்டுவது நமது வேலை என்பதை வெள்ளிக்கிழமை தோறும் கேட்பவர்கள் நாம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், பிரதேச சபை உறுப்பினர்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையம், பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில் நிர்வாகங்கள், மீனவர் சங்கங்கள் அனைவருக்கும் சொல்கிறோம்.

1. கல்பாக்கத்தின் பழைய உலைகளுக்கு அனுமதி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதன் பாதுகாப்பு மீளாய்வின் சுருக்கத்தை 2015 உடன்பாட்டின் கீழ் இலங்கை அரசு கேட்டுப் பெற வேண்டும். பெற்றதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். இன்று கல்பாக்கத்துக்கு வரும் வழக்கம்தான் நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் கூடங்குளத்துக்கும் வரும்.

2. கரையோரத்தில் கதிர்வீச்சை அளக்கும் அளவீடுகள் கொழும்பில் ஒரு கணினியில் இருந்தால் போதாது. ஒவ்வொரு நாளும் மக்கள் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். வானிலை அறிக்கை போல.

3. புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் மாவட்டங்களின் அனர்த்தத் திட்டத்தில் அணு விபத்துக்கு ஒரு பகுதி சேர்க்கப்பட வேண்டும். வீட்டுக்குள் இருக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா? ஆழ்கடலில் நிற்கும் படகுக்கு யார் சொல்வது? கிணற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் எப்படி மூடுவது? அயடீன் வில்லை எங்கே இருக்கிறது? எல்லாம் எழுத்தில் வேண்டும். பாடசாலைகளில் வருடத்துக்கு ஒரு ஒத்திகை வேண்டும்.

4. 2025 ஏப்ரலில் இரு நாட்டு மின்கட்டமைப்பையும் இணைக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. கடலுக்கு மேலோ அடியிலோ கம்பி வழியே மின்சாரம் வரலாம் என்றால், அதே பேச்சுவார்த்தை மேசையில் பாதுகாப்புத் தகவலும் வர வேண்டும் என்று கேளுங்கள். விற்பவன் பொருளின் தரத்தைச் சொல்ல வேண்டும்.

5. நமது அரசும் அணுமின்சாரம் பற்றி யோசிக்கிறது. 2022இல் சர்வதேச முகவரகத்தின் குழு வந்து நாட்டின் தயார்நிலையை மதிப்பிட்டும் போனது. அப்படி ஒரு நாள் இந்தத் தீவில் உலை வருமானால், அதன் ஆயுள் எத்தனை வருடம், நீட்டிப்பதற்கு முன் பகிரங்க விசாரணை எப்படி நடக்கும் என்பதை முதல் கல் வைக்கும் முன்பே சட்டத்தில் எழுதுங்கள். கட்டிய பிறகு கேட்டால் "இவ்வளவு செலவழித்துவிட்டோமே" என்றுதான் பதில் வரும். பழைய உலைகள் எல்லாம் நீட்டப்படுவதற்கு உண்மையான காரணமும் அதுதான். செலவு முடிந்துவிட்டது, இனி ஓடும் ஒவ்வொரு வருடமும் இலாபம். அந்த இலாபக் கணக்கில் நமது கடல் ஒரு வரியாகக்கூட இல்லை.

இவை எதற்கும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. ஒரு கடிதம், ஒரு திட்டம், ஒரு ஒத்திகை. செய்ய மனம்தான் வேண்டும்.

இந்தப் பதிவை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் வரைபடத்தை விரித்து அந்த 225 கிலோமீற்றரைப் பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். கதீப்மாரே, ஒரு ஜும்ஆவில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். மீனவர் சங்கத் தலைவர்களே, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். பிரதேச சபை உறுப்பினர்களே, ஒரு பிரேரணை கொண்டு வாருங்கள். எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் நாங்கள் வந்து பின்னால் நிற்கிறோம். மாவட்டச் செயலகத்துக்கும் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுத நாங்கள் ஆயத்தமாகிறோம். சேர்ந்து கையொப்பமிட விரும்புபவர்கள் கீழே பெயரைப் பதியுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது தரம் 11. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறது. "சேர், அண்டைக்கு நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல்ல" என்று போன வாரமும் நினைவுபடுத்தியது. வருமா என்ற கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடிந்தது. வந்தால் என்ன செய்வோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அவர்களின் கண்ணில் படும் வரை பகிருங்கள்.